கங்காணிக்கு ஒரு படங்கு

நாய்ச்சங்கத்தில் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேரும் ஒரு நாயும்.

சங்கம் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டதில்லை. அது தேயிலைத் தோட்டத்தார் வைத்த பெயர். நாலைந்து தொழிற்சங்கம் இருந்த தோட்டத்தில் இதுவும் ஒன்றாகிப் போனது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தைத் தெரேசா கடக்கும்போது யாராவது, "டீச்சர், நாய்ச்சங்கத்துக்குச் சம்பளத்துல சந்தா எப்ப வெட்டுவாங்க?" என்று கேட்பார்கள். முதல் வருடம் அவள் சிரித்தாள். இப்போது தலையை அசைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்.

தொடங்கியவள் ஊர்மிளா. யாழ்ப்பாணத்துக்காரி, ஹட்டனில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்கு வேலை. சமாதானம் என்று சொல்லப்பட்ட வருடங்கள் அவை. கொத்மலைப் பக்கம் சிலர் பிட்புல் நாய்களை வளர்த்துப் பந்தயத்துக்கு மோதவிட்டார்கள். தோற்ற நாயை வான் வண்டியில் கொண்டுவந்து கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி ஒன்று காது கிழிந்து பஸ் தரிப்பிடத்துக்குக் கீழே கிடந்தது. நின்றவர்கள் எல்லாரும் விலகிக்கொண்டார்கள். ஊர்மிளா இறங்கிப் போனாள். அவளுக்குக் குடை பிடித்த குற்றத்துக்காகத் தெரேசாவும் சேர்ந்துகொண்டாள். எதிரே மருந்துக்கடை வைத்திருந்த அமிர்தநாதன் மருந்து கொடுத்தார். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார்.

தோட்டத்தை நடத்துகிற துரை இடம் தந்தார். பழைய பிள்ளைமடுவம். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம்; புதிது கட்டிய பிறகு சும்மா கிடந்தது. கூரை மரத்தில் தொட்டில் கொக்கிகள் இன்னமும் இருந்தன. துரை ஒரு நிபந்தனை வைத்தார். ஆளைக் கடித்த நாய் தோட்டத்தில் இருக்கக்கூடாது. ஊர்மிளா அதை இன்னும் இறுக்கினாள். ஆளைக் கடித்த நாய் எங்குமே இருக்கக்கூடாது, ஊசி போட்டுவிடுவோம் என்றாள். அந்த வாக்கால்தான் இடம் கிடைத்தது.

பிறகு சமாதானம் முறிந்தது. ஊர்மிளாவுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. முதலில் கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்தாள். பிறகு தீபாவளிக்கு எடுத்தாள்.

தெரேசா பள்ளிக்கூடம் விட்டதும் ஹட்டன் சந்தைக்குப் போய் மாட்டுக்குடல் வாங்குவாள். பொலித்தீன் பையை இன்னொரு பைக்குள் போட்டு, அதைத் துணிப்பைக்குள் போட்டு பஸ் ஏறுவாள். என்ன செய்தாலும் மணக்கும். கண்டக்டர் அவளைக் கண்டால் பின்கதவைக் காட்டுவான். மடுவத்தில் அடுப்பு மூட்டி, குருணையையும் குடலையும் வேகவைத்து, ஆறவிட்டு, போட்டுவிட்டு, கூட்டிக் கழுவி, இருட்டும் முன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி அவளை விட்டுப் போவதே இல்லை. கடலோரச் சிலாபத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா, ஒவ்வொரு முறையும் அவளுடைய இருமலைப் போனில் கேட்டுவிட்டு அழுவாள்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தெரேசா மாற்றம் கேட்டாள். கிடைத்தது. ஜனவரியில் போக வேண்டும்.

இருக்கிற நாயை ஒரு வீட்டில் சேர்த்துவிட்டு மடுவத்தைப் பூட்டிவிடுவோம் என்று அமிர்தநாதனிடம் சொன்னாள். அவர் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி. ஞாயிறு தோறும் மேட்டில் ஏறிவரும்போது மூன்று இடத்தில் நின்று, இயற்கைக் காட்சியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

மிஞ்சியிருந்த நாயின் பெயர் கங்காணி. அது அமிர்தநாதன் வைத்தது. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிபோல நெஞ்சை நிமிர்த்தி, கால்களை அகட்டி, யாரைப் பார்த்தாலும் வேலை சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பதுபோல் பார்க்கும். "வேட்டி ஒண்ணுதான் கொற" என்றார். வந்தபோது அதன் பற்களுக்கு இடையில் சணல் நார் சிக்கியிருந்தது. அமிர்தநாதன் சாவணத்தால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார். சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வீசியிருக்கிறார்கள், கடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். அதைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை.

ஒரு நாயை வீட்டுக்குக் கொடுக்கும் முன் அவர்கள் சோதிப்பார்கள். ஊர்மிளா ஏற்படுத்திய முறை அது. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் நடத்துவார்கள். கோழி, மாடு, அழுகிற பிள்ளை, விரித்த குடை, தடியோடு வருகிற ஆள், தப்பு அடிக்கிற சத்தம். எதற்கும் பாயாமல் இருந்தால் சரி. கங்காணி எல்லாவற்றையும் பார்த்தது, கொட்டாவி விட்டது. தப்புச் சத்தத்துக்கு மட்டும் காதை மடக்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இந்தச் சோதனை. அன்றைக்குத்தான் இருவருக்கும் நேரம் கிடைக்கும், லயத்திலும் ஆள் இருப்பார்கள்.

மாயாண்டி நாயைக் கேட்டு வந்தான். விறகுக்காட்டுக் காவல்காரன், பெண்சாதியை இழந்தவன், காட்டோரக் குடிசையில் தனியாக இருப்பவன். குடிப்பான், ஆனால் அடிக்கிற ஆள் இல்லை. வேறொரு மாதமாக இருந்தால் தெரேசா அவனை இன்னும் இரண்டு தடவை வரச்சொல்லிப் பார்த்திருப்பாள். அது நவம்பர். கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு மடுவத்தைக் கழுவினாள். கழுவி முடித்து, காலியான தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்தது.

அந்தக் கிழமையே ஆள் வந்தது. நாய், கொழுந்தெடுக்கிற ராசம்மாவைப் பிடித்துவிட்டது.

காட்டோரப் பாதையால் பெண்கள் தேயிலை மலைக்குப் போயிருக்கிறார்கள். மாயாண்டி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்து, குரைக்காமல் கொள்ளாமல் போய், ராசம்மாவை இடுப்போடு பிடித்து இழுத்தது. அவள் பாத்தியில் உருண்டாள். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. நாலு பேர் மம்பட்டிக் காம்பால் அடித்தும் நாய் விடவில்லை. மாயாண்டி பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கியபோதுதான் பிடி நழுவியது.

நாய் மறுபடி மடுவத்துக்கு வந்தது. துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார். கொடுத்த வாக்கை அடுத்த சனிக்கிழமைக்குள் நிறைவேற்ற வேண்டும். துரையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

தெரேசா ராசம்மாவைப் பார்க்கப் போனாள். ஒரு பைக்கட் பிஸ்கட்டும் ஒரு போத்தல் நெல்லிக்கிரஷும் கொண்டுபோனாள். ராசம்மா கைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பிஸ்கட்டைப் பார்த்தாள்.

"நாய்க்கு வாங்குனதா, எனக்கு வாங்குனதா?"

"உங்களுக்குத்தான்க்கா."

"அப்ப வைங்க."

கடித்த இடத்தைப் பார்க்கலாமா என்று தெரேசா கேட்டாள். கடித்த இடம் என்று ஒன்றும் இல்லை என்றாள் ராசம்மா. ஆஸ்பத்திரியிலும் தேடிப்பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. போனது படங்குதான். இடது கையால் உள்ளே கிடந்ததை எடுத்துத் தெரேசாவின் காலடியில் போட்டாள். "கொண்டுபோங்க. அதக் கண்டாலே எனக்கு ஒடம்பு நடுங்குது."

படங்கு என்பது கொழுந்தெடுக்கிற பெண்கள் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு. செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமல் அது காக்கும். பலர் இப்போது பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டுகிறார்கள். ராசம்மாவுடையது சணல் சாக்கு, பழையது, மழையும் புகையும் தேயிலைப்பாலும் ஏறிக் கறுத்தது. அதன் ஓரத்தில் ஒரு வட்டமாகப் பற்கள் இறங்கியிருந்தன.

தெரேசா அதை மடியில் வைத்துப் பார்த்தாள். சணல் நார் பிரிந்து நின்றது. சாவணத்தில் அமிர்தநாதன் இழுத்தெடுத்த அதே நார்.

பஸ்ஸில் போகும்போது மற்றதும் விளங்கியது. மோதுகிற நாயைப் பழக்க மரக்கிளையில் சாக்கைச் சுருட்டித் தொங்கவிடுவார்கள் என்று ஊர்மிளா ஒருமுறை சொல்லியிருந்தாள். நாய் பாய்ந்து கவ்வி, அதில் தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விடாத நாய்க்குத்தான் சோறு. கங்காணிக்கு வாழ்க்கையில் யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். அவர்கள் கோழியைக் காட்டினார்கள், குடையைக் காட்டினார்கள். தோட்டத்துப் பெண்கள் ஆறு நாளும் இடுப்பில் கட்டுவதைக் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் படங்கு கட்டுவதில்லை.

தெரேசாவின் அம்மா படங்கு கட்டியவள். அது கூரைக் கம்பில் தொங்கியதைப் பார்த்துத்தான் அவள் படித்தாள். அது இல்லாத வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் படித்தாள். இதை நினைத்தபோது அவள் பஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தன்மேல் கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும்.

அமிர்தநாதன் கேட்டுவிட்டு முழங்காலைத் தடவினார்.

"சரி. ஆளக் கடிக்கல, சாக்கத்தான் கடிச்சிச்சு. அதனால?"

"ஒண்ணுமில்லண்ணே. சொன்னேன்."

"இந்த மலையில சாக்கு கட்டாத பொம்பள எங்க இருக்கா, சொல்லுங்க. உடப்புசல்லாவ வரைக்கும் தேயிலதான். தேயில இல்லாத எடத்துல உருளக்கிழங்கு. அங்கயும் சாக்கு."

கொழும்பில் கைவிட்ட நாய்களை எடுத்து வளர்க்கிற ஒரு பெண்ணுக்குத் தெரேசா போன் எடுத்தாள். இடம் இல்லை. ஊர்மிளாவுக்கு எடுத்தாள். ஊர்மிளா கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு வழியெங்கும் சோதனைச்சாவடி என்றாள், இங்கே மனிசருக்கே இருக்க இடமில்லை தெரேசா என்றாள். அதுவும் உண்மை. வாக்குக் கொடுத்தது நான், செய்யப்போவது நீர் என்று சொல்லி அழுதாள். தெரேசா அவளைத் தேற்றிவிட்டு, மாட்டு டொக்டருக்கு எடுத்தாள்.

டொக்டர் சனிக்கிழமை காலையில் வந்தார். சிங்களவர், நடுவயது, மழைக்கோட்டுக்குள் ஒடுங்கிய ஆள். இங்கே முன்பும் வந்து காது தைத்திருக்கிறார், புழு எடுத்திருக்கிறார். தெரேசாவோடு சிங்களத்தில் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறு வழி உண்டா என்றார். இல்லை என்றாள். அவர் பெட்டியைத் திறந்தார். தெரேசா அழவில்லை. அதை முந்தின நாளே பள்ளிக்கூடக் கக்கூசில் முடித்திருந்தாள். ஜனவரி மட்டும் ஒரு வெளிச்சம்போல் தள்ளித் தெரிந்தது, கடல், அக்கா வீட்டு வெயில். இன்று பத்து மணிக்கு மேல் சுமக்க ஒன்றும் இருக்காது.

பெட்டியைக் கண்டதும் கங்காணி மூலைக்குள் ஒடுங்கிப் பல்லைக் காட்டியது. முன்பு வளர்த்தவர்களும் ஊசியோடு வந்திருக்க வேண்டும். வாய்க்கட்டு இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். இருந்த ஒன்றை முந்திய நாய் ஒன்று தின்றுவிட்டது. கயிற்றால் கட்டப் பார்த்தார் அமிர்தநாதன், கையை உடனே இழுத்துக்கொண்டார்.

தெரேசாவின் துணிப்பையில் ராசம்மாவின் படங்கு இருந்தது. எறிய மனமில்லாமல் ஒரு கிழமையாகச் சுமந்துகொண்டிருந்தாள். அதைச் சுருட்டி நீட்டினாள்.

கங்காணி எழுந்து வந்து கவ்விக்கொண்டது. ஒருமுறை உதறியது. தெரேசா இழுக்கவில்லை, கையை விட்டுவிட்டாள். நாய் ஏமாந்ததுபோல் அவளைப் பார்த்தது. பிறகு அதை வாயில் வைத்தபடியே உட்கார்ந்தது. உறுமல் நின்றது. தோள் இறங்கியது.

டொக்டர் கிட்டப் போனார். காதைப் பிடித்தார். பழைய தழும்பை அமுக்கினார். முன்னங்காலைத் தூக்கி நரம்பு தேடினார். அமிர்தநாதன் நகர்ந்தபோது வாலை மிதித்துவிட்டார். நாய் திரும்பிப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை. அதற்கு வாயில் வேலை இருந்தது.

டொக்டர் காலை விட்டுவிட்டுக் குதிகாலில் உட்கார்ந்தார். தன் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்றார். வெடிச்சத்தம் கேட்டால் அவருடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொள்ளும், அது வாயில் இருக்கிறவரை எதற்கும் பயப்படாது, யாரையும் கடிக்காது. இதற்கு ஒரு சாக்கு கொடுத்து நடத்திப் பார்த்தீர்களா என்றார். ஊசி போடுவது ஒரு நிமிட வேலை, எப்போது வேண்டுமானாலும் வந்து போடலாம். ஆளைக் கடிக்கவில்லை என்று துரையிடம் தானே சொல்வதாகவும் சொன்னார்.

தெரேசாவுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. மேட்டின் உச்சியில் கூடையை இறக்கி வைத்தவளிடம், இன்னும் ஒரு மேடு இருக்கிறது என்று சொன்னதுபோல் இருந்தது. அவள் டொக்டரைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள். அவர் சொன்னது காதில் விழாததுபோல் இருந்துவிடலாம். அமிர்தநாதன் கூரைக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

"அண்ணே, கயிறு ரெண்டா கட்டுங்க" என்றாள். "ஒண்ண நீங்க பிடிங்க."

லயத்துக்கு அருகே கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நாயை நடத்திப் போனார்கள். நிறுக்கிற நேரம் அது. பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அத்தனை இடுப்பிலும் சாக்கும் விரிப்பும். நாயைக் கண்டதும் பேச்சு நின்றது. சிலர் மண்திட்டில் ஏறிக்கொண்டார்கள். கங்காணி இரண்டு கயிற்றுக்கு நடுவில், வாய் நிறையப் படங்கோடு வந்தது. முதல் பெண்ணின் இடுப்பைப் பார்த்தது. நின்றது. பின்தொடை நடுங்குவது தெரேசாவுக்குக் கயிற்றில் தெரிந்தது. பிடி இறுகியது, கயிறு கையை அறுத்தது. நாய் வாயிலிருந்ததைக் கீழே போட்டால்தான் இன்னொன்றைப் பிடிக்க முடியும். அது போடவில்லை. உள்ளே இன்னும் கொஞ்சம் இழுத்துக் கடித்துக்கொண்டு நடந்தது. அடுத்த இடுப்பு. அதற்கடுத்த இடுப்பு.

வரிசை முடிகிற இடத்தில் யாரோ கேட்டார்கள்.

"கங்காணியும் படங்கோடதான் வேலைக்கு வந்திருக்காரு. அரநாள் பேரா, முழுநாள் பேரா?"

திட்டில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். தெரேசா சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

ராசம்மா தன் வாசற்படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அவளிடம்தான் வந்தார்கள், படிக்குக் கீழே தூரத்தில் நின்றார்கள். மாயாண்டியும் பின்னால் வந்து நின்றான், வேட்டியை மடித்துக் கட்டாமல், மரியாதையாக. ராசம்மா நாயின் வாயைப் பார்த்தாள். கால்களைப் படிக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"என்னோட படங்கு."

"ஆமாக்கா."

"வாயில இருக்குற வரைக்கும் சரி. கிழிஞ்சு போனா?"

வேறு கொடுப்போம் என்றான் மாயாண்டி. என்னை நம்பி மறுபடி விடுங்கள், காலையில் முதல் வேலையாகச் சாக்கை வாயில் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன் என்றான்.

"நீ குடிச்சா ஒன் வேட்டியே ஒனக்கு ஞாபகம் இருக்காது" என்றாள் ராசம்மா. அவனோடு பேச்சை முடித்துக்கொண்டு தெரேசாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஜனவரியில போறீங்கன்னு சொல்றாங்க. நான் கட்டு அவுத்துட்டு அதே பாதையிலதான் மலைக்குப் போகணும். அப்ப இதுக்கு யாரு பொறுப்பு? ஒரு பேரச் சொல்லுங்க. நான் பேசாம இருந்துர்றேன்."

தெரேசா அமிர்தநாதனைப் பார்த்தாள். அவர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாயாண்டி மண்ணைப் பார்த்தான். நாய் அவளையே பார்த்தது, வேலையைச் சரியாகச் செய்கிறாளா என்று. அக்கா வீட்டு முற்றம் ஒரு கணம் வந்து போனது, காயப்போட்ட மீன், வெள்ளை மணல். இருமல் வந்தது. இருமி முடித்தாள்.

"ஏப்ரல் வரைக்கும் இருக்கேன்" என்றாள். "மடுவத்துலயே இருக்கட்டும். தெனம் நானே நடத்துறேன். பழகிட்டா மாயாண்டிகிட்ட குடுப்போம்."

"ஏப்ரலுக்கு அப்புறம்?"

"ஏப்ரல் வரட்டும்க்கா."

ராசம்மா யோசித்தாள். மன்னித்த முகம் இல்லை அது. கைக்கட்டின் ஓரத்தில் சொறிந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு படங்கு வேணும்" என்றாள். "என்னோடது அது வாயில இருக்கு. சாக்கு வேணாம், பிளாஸ்டிக் விரிப்பு கொண்டாங்க. கருப்பு வேணாம்."

சரி என்றாள் தெரேசா.

மடுவத்தில் நாயைக் கட்டி, தண்ணீர் வைத்தாள். கங்காணி படங்கை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துத் தாடையை அதன்மேல் வைத்துப் படுத்தது. ஒரு மூலை அதற்குள்ளேயே பிய்ந்திருந்தது. இது கிறிஸ்மஸைத் தாண்டாது. நாளை குடல் வாங்கும்போது உருளைக்கிழங்குக் கடையில் பழஞ்சாக்கு கேட்க வேண்டும். அக்காவுக்குப் போன் எடுக்க வேண்டும், அதற்கு முன் என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டும்.

அமிர்தநாதன் வாசலில் நின்று மலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே" என்றாள். "பஸ் போயிரும்."